பத்து மணித் தருமம்

பினாங்கில் தருமவான் என்று பெயரெடுத்த ஒரு மளிகைக்கடை முதலாளியை எனக்குத் தெரியும். அவர் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. செத்தவர்களைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோதும் சொல்ல விடவில்லை. பிறகு எப்போதுதான் சொல்வதாம்?

அவருக்கு மூன்று கடைகள். பெரிய கடை மார்க்கெட் தெருவில். கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில் ஒன்று. இன்னும் உள்ளே தள்ளி, தோட்டத்து ஜனங்களை நம்பி சிம்பாங் அம்பாட்டில் ஒன்று. மூன்றுக்கும் ஒரே பச்சை வர்ணம், ஒரே மாதிரி பெயர்ப் பலகை, ஒரே மாதிரி எடைக் குறைவு. எந்தப் பண்டிகை வந்தாலும் மூன்று கடை வாசலிலும் ஒரு துணிப் பதாகை ஏறிவிடும். சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள், தீபாவளி, கிறிஸ்மஸ் எல்லாவற்றுக்கும் அதே துணிதான். பண்டிகையின் பெயரை மட்டும் சுண்ணாம்பு பூசி அழித்து மேலே புதிதாக எழுதுவார்கள். தீபாவளி என்ற எழுத்துக்கு அடியில் நோன்புப் பெருநாள் மங்கலாகத் தெரியும். எல்லா மதத்தையும் சமமாகப் பார்க்கிற மனிதர் என்று ஊரில் புகழ்ந்தார்கள். வாஸ்தவம். எல்லா மதத்துக்காரர்களின் மடியையும் அவர் சமமாகத்தான் பார்த்தார்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது துவரம்பருப்பு விலை ஏறும். ஏன் என்று கேட்டால் கப்பல் வரவில்லை என்பார்கள். பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பழைய விலைக்கே இறங்கும், அதற்குத் தள்ளுபடி என்று பெயர். கப்பல் எப்போது வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பெண்கள் முண்டியடித்துக்கொண்டு வாங்குவார்கள். என் அம்மாவும் முண்டியடித்தவள்தான்.

இது போதாதென்று சீட்டு. சாமான் வாங்கினால் ஒரு மஞ்சள் சீட்டு கொடுப்பார்கள். அதைச் சேர்த்து வைத்துக்கொண்டால் தீபாவளிக்கு முந்தின வாரம் குலுக்கல். முதல் பரிசு கிராமபோன் பெட்டி. கடை நடுவில் ஒரு மேஜைமேல் அதை வைத்து, பட்டுத் துணி போர்த்தி, மாலை போட்டிருப்பார்கள். அதற்கு ஊதுபத்திகூட ஏற்றி வைத்தார்கள், நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் அந்தப் பெட்டி முதலாளியின் மனைவி வழிச் சொந்தத்தில் யாருக்காவது விழும். அந்தக் குடும்பத்துக்கு அப்படி ஓர் அதிர்ஷ்டம். அடுத்த வருஷம் மேஜைமேல் உட்காருவதும் அதே பெட்டிதான் என்று அம்மா சந்தேகப்பட்டாள். சந்தேகப்பட்டாலும் சீட்டைச் சேர்ப்பதை விடவில்லை.

நான் சொல்ல வந்தது ரப்பர் விலை விழுந்து ஊரே படுத்துக்கிடந்த வருஷத்துத் தீபாவளியைப் பற்றி. எனக்கு அது தலைத் தீபாவளி.

வைகாசியில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை, வீடு பாகான் டாலாமில். ஆடி பிறந்ததும் என் அப்பாவுக்கு வேலை போய்விட்டது. துறைமுகத்துக் கிட்டங்கியில் மூட்டைக் கணக்கு எழுதுகிற வேலை. மூட்டையே வராதபோது கணக்கு எதற்கு என்று அனுப்பிவிட்டார்கள். குயின் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அப்பாவும் அம்மாவும் வாடகைக்கு இருந்தார்கள். அப்பா காலையில் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவார். எங்கே போகிறார் என்று அம்மா கேட்க மாட்டாள். மத்தியானம் திரும்பி வருவார்.

என் மாமியார் எதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுகிற ரகம். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பும்போது ஃபெர்ரித் துறை வரைக்கும் கூடவே வந்தாள்.

“தலைத் தீபாவளி ஒரு தடவதான் வரும் புள்ள. உங்க வீட்ல மாப்பிள்ளைக்கு என்ன செஞ்சாங்கன்னு பாகான் பூரா என்னைத்தான் கேக்கும். நான் பதில் சொல்லணும் லா.”

அதாவது, பதில் நன்றாக இல்லாவிட்டால் அதை நான் ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எனக்குப் புரிந்தது. புதிதாய்ப் போன வீட்டில் நான் தலைநிமிர்ந்து நடப்பதும் நடக்காமல் இருப்பதும் ஒரு வேட்டி, ஒரு புடவை, கொஞ்சம் நல்லெண்ணெய் என்கிற விஷயமாகிவிட்டது. இன்று நினைத்தால் கோபம் வருகிறது. அன்று பயம்தான் வந்தது.

வீட்டுக்குப் போனால் அம்மா தெம்பாக இருந்தாள். காரணம் நம்முடைய தருமவான். வேலை போன குடும்பங்களுக்குத் தீபாவளி தருமம் செய்யப்போவதாகத் தமுக்கடித்துச் சொல்லியிருந்தார். ஒரு மூட்டையில் அரிசி, சீனி, நல்லெண்ணெய், சீயக்காய், ஒரு வேட்டி, ஒரு புடவை. கேட்கவே எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் யாருக்குக் கிடைக்கும் என்றால், அந்தக் கடையின் மஞ்சள் சீட்டு ஒரு கத்தை வைத்திருப்பவர்களுக்கு மட்டும். இல்லாதவர் என்று நிரூபிக்க, இருந்தபோது அவரிடம் வாங்கியிருக்க வேண்டும். வேறு கடையில் வாங்கி ஏழையானவர்கள் அந்தந்தக் கடையிலேயே போய்ப் பட்டினி கிடக்கலாம்.

அம்மாவிடம் சீட்டு இருந்தது. கிராமபோனுக்காகச் சேர்த்த சீட்டு. அதைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பெயரைப் பதிந்துவிட்டு வந்திருந்தாள். தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் வரச் சொல்லியிருந்தார்கள். அந்த நம்பிக்கையில், கையில் இருந்ததையெல்லாம் அரிசி மாவுக்கும் வெல்லத்துக்கும் பொரிக்கிற தேங்காயெண்ணெய்க்கும் செலவு செய்துவிட்டாள். அப்பாவுக்கு இந்த விஷயம் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார். அவருக்கு மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான், அதை நாங்களும் கெடுக்கவில்லை.

முந்தின நாள் மத்தியானம் முறுக்கு சுட்டு முடித்துவிட்டு அம்மா கிளம்பினாள், நானும் துணைக்குப் போனேன். கடை வாசலில் நல்ல கூட்டம். நிறையப் பேர் வேலை போனவர்களின் பெண்சாதிகள், தலையை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றார்கள். மூட்டைகள் கண்ணெதிரே மேஜைமேல் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு மூட்டையின் வாயிலிருந்தும் எண்ணெய்ப் போத்தலின் கழுத்து எட்டிப் பார்த்தது. நின்றோம். கடைக்குள் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. வெயில் இறங்கியது. விளக்கு வைக்கும் நேரமும் வந்தது. கடையிலும் விளக்கு வைத்து, சாமி படத்துக்குச் சூடம் காட்டினார்கள். அதன் பிறகுதான் கணக்குப்பிள்ளை வெளியே வந்தார்.

“எல்லாரும் நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வாங்க. தலைமை தாங்குற தொரைக்கு நாளைக்குத்தான் தோதுப்படுது. படம் பிடிக்கிறவரும் இப்ப வெளிச்சம் பத்தாதுன்றாரு.”

கூட்டத்துக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஒரு அம்மாள் குரல் கொடுத்தாள்.

“நாளைக்குப் பத்து மணிக்கா? பொழுது விடியுறதுக்குள்ள தலைல எண்ண வைக்கணுமே அண்ணே! அதுக்கப்புறம் இந்த எண்ண எதுக்கு?”

அப்போது முதலாளியே வந்தார். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் உத்திராட்சம், வெள்ளை வெளேரென்று சட்டை. தீபாவளி என்றைக்கு, எண்ணெய் எப்போது வைக்க வேண்டும் என்பது தெரியாதவரா அவர்? அவர் வீட்டில் அன்று ராத்திரியே எண்ணெய் காய்ச்சி வைத்திருப்பார்கள். சிரித்துக்கொண்டே சொன்னார்.

“அதுக்கென்னம்மா, எல்லாரும் நல்லா குளிச்சிட்டே வாங்க. படத்துக்கும் சுத்தமா இருக்கும்.”

எதைக் கொண்டு குளிப்பது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை, மறக்கவும் போவதில்லை. மேஜைமேல் எங்கள் எண்ணெய் இருக்கிறது. நாங்கள் கைவீசிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். வெள்ளைக்காரத் துரை ஒருவருக்குத் தோதுப்படவில்லை என்பதற்காக நரகாசுரன் வதத்தையே ஒத்திவைத்த ஒரே மனிதர் எங்கள் முதலாளிதான்.

வழியில் அம்மா இரண்டு வீட்டு வாசலில் நின்று தயங்கினாள். தெரிந்த வீடுகள்தான். ஆனால் எங்கும் விளக்கு வைத்தாகிவிட்டது. விளக்கு வைத்த பிறகு எண்ணெயையும் உப்பையும் வீட்டைவிட்டு வெளியே கொடுக்க மாட்டார்கள், லட்சுமி போய்விடுவாள் என்று. கேட்பவளுக்கும் அது தெரியும், அதனால் கேட்கவே வாய் வராது. சாயங்காலமே இல்லை என்று சொல்லியிருந்தால் யாரிடமாவது அரைப் போத்தல் வாங்கியிருப்பாள். அந்த வழியையும் அடைத்துவிட்டார் புண்ணியவான்.

வீட்டுக்கு வந்தால் மாப்பிள்ளை வந்து உட்கார்ந்திருந்தார். அப்பா அவரிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அம்மாவின் வெறுங்கையைப் பார்த்துவிட்டு மறுபடியும் மழையைப் பற்றியே பேசினார்.

விடியற்காலையில் அம்மா அடுப்பு மூட்டினாள். முறுக்கு சுட்டு மிஞ்சிய தேங்காயெண்ணெய் சட்டியில் இருந்தது. அதைத் துணியில் வடிகட்டி, வாசனை தெரியாமல் இருக்க மிளகும் வெற்றிலையும் போட்டுக் காய்ச்சினாள். நான் கையைப் பிடித்தேன். “வேற என்ன செய்யச் சொல்றே?” என்றாள். மணைப்பலகை போட்டு மாப்பிள்ளையை உட்கார வைத்து, உச்சந்தலையில் அந்த எண்ணெயை வைத்தாள். சூடாகத் தலையில் பட்டதும் அறை முழுக்க முறுக்கு மணம் கிளம்பிவிட்டது. சீரகம், ஓமம் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் மூக்கை உறிஞ்சினார்.

“அத்தை, முறுக்கு நல்லா வந்திருக்கு போல,” என்றார்.

அவ்வளவுதான். தலையைக் குனிந்து இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னார். அம்மா அழுதுகொண்டே தேய்த்தாள். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அன்றுதான் அவரை எனக்குப் பிடித்துப்போனது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அதுவரை பயம் மட்டும்தான்.

புது வேட்டி என்று அம்மா எடுத்துவைத்தது அப்பாவுடையது. கல்யாணத்தில் சம்பந்தி மரியாதையாக மாப்பிள்ளை வீட்டிலேயே அப்பாவுக்குக் கொடுத்த வேட்டி, கட்டாமல் வைத்திருந்தார். மூலையில் மஞ்சள் தடவிக் கொடுத்தாள். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு கட்டிக்கொண்டார்.

பலகாரம் சாப்பிட்டதும் அம்மா, பக்கத்து வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று எங்கள் முகத்தைப் பார்க்காமல் கிளம்பினாள். எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரியாதா? எண்ணெய் வேண்டாம், ஆனால் அரிசி வேண்டுமே. வீட்டுப் பானையில் மறுநாளைக்கு ஒன்றும் இல்லை. இவரோ கோயிலுக்குப் போகலாம் என்றார். வேறு வழியாகப் போகலாம் என்று நான் இழுத்துப் பார்த்தேன். மார்க்கெட் தெரு முனையில் பேண்டு வாத்தியம் கேட்டது. வேடிக்கை பார்க்காத ஆண்பிள்ளை உண்டா? திரும்பிவிட்டார்.

கடை வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். கழுத்து நிறைய மல்லிகை மாலையோடு துரை உட்கார்ந்திருந்தார். அவருக்கு இது என்ன பண்டிகை என்று யாராவது சொல்லியிருந்தால் ஆச்சரியம். பக்கத்தில் முதலாளி. எதிரே மூன்று கால் பெட்டியும் கறுப்புத் துணியுமாகப் படம் பிடிக்கிறவர். என் அம்மா கடைசியில் போய்த்தான் நின்றிருக்கிறாள். கணக்குப்பிள்ளை விடவில்லை.

“நீங்க சுத்தமா இருக்கீங்கக்கா, முன்னால வாங்க. தொரை கை படுற எடம்.”

அம்மாவை முன்னால் நிறுத்தி, மூட்டையைத் துரையின் கையும் அம்மாவின் கையும் பிடித்திருக்கும்படி வைத்தார்கள். துரை அசைந்துவிட்டார். மறுபடி. முதலாளி முகம் மறைந்துவிட்டது. மறுபடி. துரை கையை எடுத்துவிட்டுக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். மூட்டையின் பாரம் முழுக்க அம்மாவிடம் இருந்தது. “சிரிங்கம்மா, தீபாவளியாச்சே,” என்றார் முதலாளி. கூட்டம் சிரித்தது.

“அது அத்தைதான?” என்று இவர் கேட்டார்.

“இல்ல,” என்றேன். பெற்ற தாயை இல்லை என்று சொன்னேன்.

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே உள்ளே போனார். “விடுங்க அத்தை, நான் பிடிக்கிறேன்,” என்று மூட்டையின் அடியில் கைகொடுத்தார். அந்த நேரம் பார்த்துப் படக்காரர் ரப்பர் பந்தை அமுக்கிப் படம் எடுத்துவிட்டார்.

“யாருய்யா நீ? சீட்டு இருக்கா?” என்று கணக்குப்பிள்ளை பாய்ந்தார்.

“விடு விடு. ஒரு ஆம்பளையும் இருக்கட்டும், பாக்க நல்லாத்தான் இருக்கும்,” என்றார் முதலாளி.

இவர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அம்மா பின்னால், நான் அதற்கும் பின்னால். உச்சி வெயிலில் எங்கள் நல்லெண்ணெய் வீடு வந்து சேர்ந்தது. அப்பா எழுந்து சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். “மாமா, இத எங்க வைக்கட்டும்?” என்று இவர் சாதாரணமாகக் கேட்டார். தருமத்தில் வந்த வேட்டியை அம்மா பிறகு ஒருதரம் நனைத்தாள். கஞ்சி போனதும் கொசுவலையாகிவிட்டது.

அக்கரை திரும்பியதும் மாமியார் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டாள். எண்ணெய்க் குளியல், வேட்டி, பலகாரம், எல்லாம் குறையில்லாமல் செய்தார்கள் என்று இவர் சொல்லிவிட்டார். வேட்டிக் கரையைத் தடவிப் பார்த்துவிட்டு, எங்கேயோ பார்த்த கரை மாதிரி இருக்கிறதே என்று முனகிக்கொண்டு போனாள். நான் பிழைத்தேன் என்று நினைத்தேன்.

இங்கிலீஷ் வருஷம் பிறந்தது. பச்சைக் கடையில் வாடிக்கைக்காரர்களுக்கு இனாமாகக் காலண்டர் கொடுத்தார்கள். இனாம் என்றால் என் மாமியார் விடுவாளா? விடிந்ததும் போய் வாங்கிக்கொண்டு வந்து, மாட்டு என்று என் கையில் கொடுத்தாள். பிரித்தேன். கெட்டி அட்டையில் பெரிய படம். துரை, முதலாளி, நடுவில் கை நீட்டிய என் அம்மா. பக்கத்தில் மூட்டையைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர். கீழே, ‘வறியோர்க்கு வழங்கும் கை’ என்று கொட்டை எழுத்து.

நான் நின்ற நிலையைப் பார்த்து மாமியார் பிடுங்கிப் பார்த்தாள். எழுத்துத் தெரியாது, ஆனால் கண் நன்றாகத் தெரியும்.

“ஏ புள்ள, இது உங்கம்மாதான? இது யாரு, இவனா? என்ன வேலை இவனுக்கு அங்க?”

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் வந்து எட்டிப் பார்த்தார்.

“நான்தாம்மா.”

“பிச்ச வாங்குனியாடா?”

“மாமியார் வீட்டு மூட்டைய மருமகன் தூக்குனேன். பிச்சன்னு அந்த ஆளு எழுதிக்கிட்டாரு. வேலைக்கு நேரமாச்சு,” என்று சொல்லிவிட்டுப் போயேவிட்டார்.

இனி என் கதை முடிந்தது என்று நினைத்தேன். மாமியார் காலண்டரைச் சுருட்டிக்கொண்டு கடைக்கு நடந்தாள். என்ன ஆகுமோ என்று நானும் பின்னால் ஓடினேன். கடை மேஜைமேல் அதைப் போட்டாள்.

“இதுல நிக்கிறது என் மகன். ரயில்வேல சம்பளம் வாங்குறவன். இது எங்க சம்பந்தியம்மா. இவங்கள ஊரு பூரா செவுத்துல மாட்டி வைக்க உங்க மொதலாளி யாரு?”

கடைக்காரன் பதறவில்லை. படத்தைப் பார்த்தான், மாமியாரைப் பார்த்தான், சந்தோஷமாகச் சிரித்தான்.

“உங்க மகனாக்கா? நல்லா விழுந்திருக்காரு லா! இந்தாங்க, இன்னொண்ணு எடுத்துக்குங்க. காசு வேணாம்.”

மாமியார் மேஜைமேல் போட்டதை எடுத்துக்கொண்டு, இரண்டாவதையும் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, இரண்டையும் கிழித்து அடுப்பில் வைத்து உலையேற்றினாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எண்ணெய் எங்கிருந்து வந்தது, வேட்டி யாருடையது, எதுவும் கேட்கவில்லை. “ரெண்டு கொறஞ்சிது,” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு கிளம்பினாள். பக்கத்து வீடு, எதிர் வீடு, ரயில்வே லயத்து வரிசை வீடுகள் என்று பாகான் டாலாமில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். எங்கள் வீட்டில் சுவர் ஓட்டையாக இருக்கிறது, காலண்டர் ஒன்று கொடுங்கள் என்று கேட்டாளாம். கடையிலும் தினம் போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு ஒன்று வாங்கிவந்தாள். இனாம் கொடுப்பதில் அவர்களுக்கும் குறைச்சல் இல்லை. யாரிடமும் கை நீட்டாத பொம்பளை, அந்த வாரம் முழுக்க என் அம்மாவுக்காகக் கை நீட்டினாள். எங்கள் வீட்டுச் சோறு அந்தத் தருமவானின் சிரித்த முகத்தில்தான் வெந்தது.